எல்லாரும் மேலாளர், நான் மட்டும் ஆள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடுப்பு ஒன்றைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் இடுப்பு உட்பட சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் இடுப்பு இப்படி ஆனதற்கு முழுக் காரணமும் நீதான் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

போன மாதம் அம்மா உன்னிடம் மெத்தைக் கடையைப் பற்றிப் புலம்பினாள் அல்லவா, ஆட்கள் ஆமை மாதிரி வேலை செய்கிறார்கள், எதிர்க்கடைக்காரர் வேறு அவர்கள் மேல் கண் வைத்திருக்கிறார் என்று. அதற்கு நீ, "கூலிய ஏத்த முடியலன்னா மரியாதைய ஏத்தும்மா, ஆளுக்கொரு பதவி குடு" என்றாய். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாய். அம்மா மறுநாளே கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பளபளவென்று அட்டை அடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பஞ்சு அடைப்பவர் பஞ்சு மேலாளர், உறை தைக்கிற அக்கா தையல் மேலாளர், வண்டிக்காரத் தம்பி போக்குவரத்து மேலாளர். ஓய்வு பெற்ற மனுஷன் பொழுது போகாமல் அங்கே கூடமாட ஒத்தாசை செய்கிறேனே, எனக்கு எங்கே அட்டை என்று கேட்டேன். "வீட்டு ஆளுக்கு எதுக்குங்க அட்டை" என்று சொல்லிவிட்டாள்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள், இவர்கள் பட்டப்பகலில் பிடித்தார்கள். பஞ்சு மேலாளர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார், பஞ்சு ஒட்டிக்கொள்ளும் என்று பஞ்சுப் பக்கமே போகவில்லை. தையல் மேலாளர் மிஷின் மேல் துணியை விரித்து அதை மேஜையாக்கிக்கொண்டார். வண்டித்தம்பி, மேலாளர் மூட்டை தூக்கினால் கௌரவம் என்னாவது என்று வண்டிக் கண்ணாடியைத் துடைத்தபடியே நின்றான். தினமும் காலையில் கூட்டம் போட்டு யார் என்ன செய்வது என்று பேசுவார்கள், பேசி முடித்ததும் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். கடையில் மேலாளர் அல்லாதவன் நான் ஒருவன்தானே! பஞ்சு அடைத்தவன் நான், மூட்டை கட்டியவன் நான், ஏற்றியவனும் நான். அவர்கள் சுற்றி நின்று, "சூப்பரா பண்றீங்க சார், உங்ககிட்ட திறமை இருக்கு, இன்னும் கொஞ்சம் வேகம் வேணும்" என்று உற்சாகமூட்டினார்கள். டீ குடிக்க உட்கார்ந்ததற்கு, சாருக்கு வேலையில் ஆர்வம் குறைகிறது என்று அம்மாவிடம் புகார் போனது. அம்மாவும் அதை நம்பினாள் பாப்பா, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், ஆனால் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. நர்சுகள் தங்குவதற்குப் புதிதாக ஒரு விடுதி கட்டியிருக்கிறார்கள், அங்கே அத்தனை கட்டிலுக்கும் நாம்தான் மெத்தை. திறப்பு விழாவுக்குள் போய்ச் சேராவிட்டால் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும், போனால் மூன்று பேரில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பியாக வேண்டும் என்று அம்மா சாப்பாடு இறங்காமல் தவித்தாள். யாரை அனுப்ப, எல்லாரும் மேலாளர். கடைசியில் அம்மா கூட்டத்தில் போய், வேலை முடியாததால் இனிமேல் பொறுப்பில் இருப்பவர்கள் எல்லாம் முடிகிற வரைக்கும் இருக்க வேண்டும், வெறும் ஆட்கள் மட்டும் ஐந்து மணிக்குப் போகலாம் என்று அறிவித்தாள். மூவரும் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

ஐந்து அடித்தது. நான் கையைக் கழுவி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மேய்க்க ஆளில்லாமல் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். மறுநாளும் அப்படியே. அதற்கும் மறுநாள் பஞ்சு மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், ஆளா சேரணும்னா என்ன பண்ணணும்?" என்றார். நான் விடுவேனா? உட்காரவைத்து, பஞ்சு வேலையில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டேன். மனுஷன் நம் கடையிலேயே தலை நரைத்தவர், பாவம், "இருக்குங்க" என்று பவ்யமாகச் சொன்னார். அவர் அட்டையைக் கழற்றியதும் மற்ற இரண்டு அட்டையும் மேஜைக்கு வந்துவிட்டன. தையல் அக்கா மட்டும் கழற்றும்போது அம்மாவிடம், "மேலாளர்னு போட்டீங்க, மேல இருக்குற ஃபேனைப் போட வழி பண்ணலியேக்கா" என்றார். ஃபேன் கெட்டு எத்தனையோ நாளாயிற்றாம், வியர்வையில் ஊசி வழுக்குகிறதாம், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்களாம். ஆமை வேகத்துக்கு அதுதான் காரணம். அம்மா அன்றைக்கே ஃபேனை மாற்றினாள், மிஷின் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே. மெத்தைகள் விழாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன. யாரையும் அனுப்பவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். புதுப் பதவி வந்ததிலிருந்து அசைய முடியவில்லை, இந்த வருஷமும் ஊருக்கு வரமுடியாது என்று நேற்று சொன்னாய். அம்மா பரவாயில்லை என்றாள், பிறகு தைத்த மெத்தையையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள். உன்னிடம் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக விட்டுப் போகிறார்கள், எவ்வளவு உற்சாகமூட்டினாலும் நிற்கவில்லை என்று வருத்தப்பட்டாயே, அவர்கள் உன் பேச்சைக் கேட்கவில்லை பாப்பா, உன்னைப் பார்க்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடாமல், வீட்டுக்குப் போகாமல் நாற்காலியில் கிடக்கிற உன்னைப் பார்த்து, இங்கே முன்னேறினால் இதுதான் கதி என்று ஓடுகிறார்கள். ஒரு நாள் நேரத்துக்கு எழுந்து, அவர்கள் கண் முன்னால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் பார். அவர்களுடைய ஃபேன் எது என்றும் கேட்டுப் பார். எனக்கு உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது. மெத்தைக்காரி மகள் தூங்குவதில்லை என்று வெளியே தெரிந்தால் நம்மிடம் யார் மெத்தை வாங்குவார்கள்?

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், கலகலவென்று, நிறைந்த தூக்கத்தோடு நீண்ட நாள் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே, இந்தக் கடிதத்தையும் நீ ராத்திரியில்தான் படிப்பாய் என்று தெரியும். படித்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படு, பதில் நாளைக்கு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா