ஓங்கல் வந்த வீடியோ

அந்தமானில் சொகுசுப் படகு ஓட்டும் மகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோ வந்தது. நம் வீட்டில் ஓங்கல் என்பதை நீ இப்போது டால்பின் என்கிறாய். ஐந்தாறு ஓங்கல் படகைச் சுற்றித் துள்ளுகின்றன. டூரிஸ்ட்டுகள் கைதட்டுகிறார்கள். நீ விசிலடித்துச் சிரிக்கிறாய். காற்றில் உன் தலைமுடி பறக்கிறது. கீழே, "இன்னிக்குக் காலைல எடுத்ததும்மா" என்று வேறு எழுதியிருக்கிறாய்.

உன் அப்பாவின் பதினாறாம் நாளன்று போனில் என்ன சொன்னாய்? "லீவு குடுக்கலம்மா. இங்கியே மொட்டை அடிச்சு, கடல்ல முழுகிட்டேன்" என்றாய். அதைக் குப்பம் முழுக்க நான் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அது நடந்து நாலு நாள்தான் ஆகிறது.

வீடியோவை முழுசாகப் பார்க்காமல், உப்பளத்தில் கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது என் தப்பு. "ஏன் அத்த, அந்தமான்ல நாலு நாள்ல முடி தோளுக்கு வந்துடுமா?" என்று கேட்டாள் பொன்னி. எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து உப்பை வாரிக்கொண்டிருந்தேன்.

வலையில் ஓங்கல் மாட்டினால், புது வலை என்றுகூடப் பார்க்காமல் அறுத்து விட்டுவிடுவார் உன் அப்பா. அவருக்காக உன்னால் முடியை எடுக்க முடியவில்லை.

வருஷத் திதிக்கு வருவதாகச் சொன்னாயே, வராதே. கொள்ளி வைத்த உன் தங்கச்சி மகள் பூங்குழலியே திதியும் கொடுப்பாள். "பொண்ணா குடுக்கும்?" என்று ஐயர் கேட்டார்.

"எனக்குப் பையன் இல்லீங்க" என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மனைவி