ஆள் மாறித் திட்டு வாங்கிய சிவிங்கி

அன்பு மகள் உவாச்சிரிக்கு, ஒகாகராராவிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் பட்டியில் உள்ள அத்தனை வாய்களும் சுகம், மழை மட்டும் இன்னும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிரேமனில் நீயும் உன் குளிரும் எப்படி இருக்கிறீர்கள்? ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும் வெறும் காபியைக் குடித்துவிட்டுப் படுக்காதே, அது சாப்பாடு ஆகாது. புளித்த பால் அங்கே கிடைக்காது என்று தெரியும், இருக்கிற தயிரையாவது சாப்பிடு.

போன வாரம் எங்கள் சபைக்காரர்கள் எல்லோரும் லாரி பிடித்துக் கூடாரம் போட்டுத் தங்குவதற்குக் கிளம்பினோம். எங்கே தெரியுமா, வடக்கே அந்தப் பெரும்பூனைக் காப்பகத்துக்குத்தான். உன் அப்பா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். நீ வந்திருந்தபோது நம் கன்றைக் கொன்றுவிட்டுக் கூண்டுப் பொறியில் விழுந்த சிவிங்கியை அவர் சுடப் போனதும், நீ அவருக்குத் தெரியாமல் காப்பகத்துக்குப் போன் செய்து அதை ஏற்றி அனுப்பியதும், அன்றிலிருந்து உன் போன் மணி அடித்தாலே மாடு பார்க்க வேண்டும் என்று அவர் எழுந்து போவதும் நமக்குள் இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் ஊருக்கே தெரிந்திருக்கிறது. எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால் அந்தத் திருடனுக்கு நேரில் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

கூடார வாழ்க்கை நம் பெண்களுக்கு ஆகாது மகளே. மாட்டுக் கொம்பு போல இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டிய தலைத்துணியோடு அந்தச் சின்ன வாசலில் யார் நுழைவது? நானெல்லாம் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். உன் யூஸ்டினா அத்தை கழற்ற மாட்டேன் என்று பின்பக்கமாக நுழைந்தார், பாதியில் மாட்டிக்கொண்டார், இரண்டு பேர் உள்ளேயிருந்து இழுத்தோம். மறுநாள் நாங்கள் பாவாடையும் கொம்புமாக வேலியோரம் வரிசையாகப் போய் நின்றதும் உள்ளே படுத்திருந்த சிவிங்கிகள் எல்லாம் ஒன்றாக எழுந்து உட்கார்ந்துவிட்டன. அங்கே தீனி போடும் பெண் ஃபீனா, ரொம்ப மரியாதையாக, சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது, கொம்புகள் மட்டும் கொஞ்சம் பின்னால் நிற்கட்டும் என்றாள். அத்தைக்கு வந்ததே கோபம், இவ்வளவு விலை கொடுத்துத் துணி எடுத்தது பூனைக்குப் பயந்து பின்னால் நிற்கவா என்று கேட்டார்.

அதற்குள் உன் அப்பா ஒரு சிவிங்கியைக் கண்டுபிடித்துவிட்டார். மாட்டுத் தோலை ஒரு தடவை பார்த்தால் சாகும்வரை மறக்காத கண் என்று அவருக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். வாலில் இருக்கிற வளையத்தைப் பார், இவன்தான், என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைவர் வீட்டுப் பஞ்சாயத்தில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தார். செத்த கன்றின் தாய் யார், தாயின் தாய் யார், அந்த மயிலை வம்சம் எந்தப் பஞ்சத்தைத் தாண்டி வந்தது என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "அதோட தலைச்சன் கன்னுக்குட்டிடா அது. உனக்கு வேற தீனியே கெடைக்கலையா?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, சிரித்துக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சிவிங்கியோ காலை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் ஃபீனா வாளியோடு வந்தாள். "ஐயா, இவன் இங்கயே பால் புட்டியில வளந்தவன். இந்த வாளியத் தவிர வேற எதையும் தொரத்தினதில்ல." நம் பொறியில் விழுந்தது பெண்ணாம், வந்த சில வாரத்திலேயே மாடே இல்லாத தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம்.

எல்லோரும் எங்கெங்கோ பார்த்தோம். அத்தை விடுவாரா? ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவன்மேல் தப்பாகப் பழி சொன்னவன் அதே கூட்டத்தில் எழுந்து திருப்பி எடுக்க வேண்டும் என்று எத்தனை பேரை உன் அப்பா நிற்க வைத்திருக்கிறார். "நீ திட்டினத நாங்க எல்லாரும் கேட்டோம் தம்பி. திருப்பி எடுக்கிறதையும் கேக்கணும்ல?" என்றார் அத்தை. நான் பயந்துபோனேன், இவர் கோபித்துக்கொண்டு ஒகாகராராவுக்கு நடந்தே கிளம்பிவிடுவார் என்று. அவர் கைத்தடியை வேலியில் சாய்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார் மகளே. "நான் சொன்னது உனக்கில்ல. தெரியாமப் பேசிட்டேன், திருப்பி எடுத்துக்கிறேன்." அவ்வளவு பெரிய மிருகம் பதிலுக்குக் குருவி மாதிரி கீச்சென்றது. ஒருவரும் சிரிக்கவில்லை, அத்தைகூட.

சாயங்காலம் இறைச்சிப் பானை அடுப்பில் இருந்தபோது நான் கேட்டே விட்டேன். "வாளியத் தொரத்துற பூனைக்குத் தொப்பியக் கழட்டினீங்க. பெத்த பொண்ணு போன் பண்ணா மட்டும் மாடு ஞாபகம் வந்துடுது." அவர் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். மறுநாள் லாரியில் வரும்போது நம் ஊர் மலை கண்ணில் பட்டதும், நான் கேட்டு ஒரு நிமிடம்தான் ஆனது போல ஆரம்பித்தார். "என்னைக் கேட்டுட்டுப் பண்ணியிருக்கணும் அவ." லாரி குதித்துக் குதித்துப் போனது. "கேட்டிருந்தா சுட்டிருப்பேன்," என்றார், இன்னும் கொஞ்ச தூரம் போய், "அதான் கேக்கல போல." எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது, தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

மற்றபடி, கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே. என் அடுத்த உடைக்கு ஊதாத் துணி கிடைத்தால் எடுத்து வை, அத்தையிடம் சொல்லிவிடாதே. நம் முன்னோரின் நிழல் உன் தலைக்குமேல் இருக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது வழக்கம்போல மணி நாலு தடவை அடித்ததும் வைத்துவிடாதே, அடிக்க விடு. போனை இப்போது அவர்தான் பட்டிக்குக் கொண்டுபோகிறார், ஆனால் கண்ணாடி இல்லாமல் பொத்தான் தெரியாது, கண்ணாடி வீட்டில் இருக்கும், அதை எடுக்க முழங்கால் வலியோடு அவர் வீடு வரை நடந்து வர வேண்டும்.

உன் அம்மா,
எல்ஃப்ரீடா