ஆறு விரல்காரனின் தங்கை

சார்,

இன்று மருந்துக்கடையில் நின்றபோது, யாரோ பிரித்த பத்திரிகையின் மை வாடையும் கடையின் டிஞ்சர் வாடையும் கலந்து வந்தன. அது உங்கள் மேசையின் வாடை. நீங்கள் போய் எத்தனையோ வருஷமாகியும் எனக்கு அது மறக்கவில்லை.

பாலக்காட்டிலிருந்து மூணாறு மலைக்கு வந்த டாக்டர் நீங்கள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் பகலெல்லாம் நோயாளி பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே மேசையில் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவீர்கள். நான் உங்கள் நர்ஸ். தேயிலைக் கொழுந்து மூட்டை சுமக்கும் என் அண்ணன் இருமலில் ரத்தம் கண்டபோது, உங்களை நம்பித்தான் கூட்டி வந்தேன். காசநோய் என்று தெரிந்தால் பேர் வெட்டிவிடுவார்கள். வேலையும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் அன்றோடு போகும். "யார்ட்டயும் மூச்சு விடப்படாது" என்று நீங்களே சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டீர்கள். அவனும் தேறி வந்தான்.

அப்புறம்தான் அந்தக் கட்டுரை வந்தது. லயங்களில் காசநோய் பரவுவதை எழுதியிருந்தீர்கள். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அண்ணன் பேரையும் மறைத்திருந்தீர்கள். ஆனால் சர்ட்டிபிகேட்டில் அங்க அடையாளம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? 'இடக்கையில் ஆறு விரல் உள்ள இளைஞர்' என்று எழுதிவிட்டது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி அதை உரக்கப் படித்துவிட்டு, "எல, கையக் காட்டு" என்றார். அங்கேயே அவன் பேரை வெட்டிவிட்டார்கள்.

அழுதுகொண்டு உங்களிடம் ஓடி வந்தேன். "பேரு போடலையே, பின்னே எப்படித் தெரிஞ்சுது?" என்றீர்கள், நிஜமாகவே விளங்காமல். பிறகு பேனாவைத் திறந்தீர்கள். "அழாதே. இதையும் எழுதிடறேன், விட மாட்டேன்."

"எழுத வேண்டாம் சார். நீங்க வந்து தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஊசியாவது நிக்காம இருக்கட்டும்."

"பத்திரிகையில வந்தா தொரையே எறங்கி வருவான்."

எஸ்டேட் மேனேஜர் துரையின் பங்களா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நீங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. அண்ணன் அன்றே தகரப்பெட்டியோடு மலை இறங்கினான். சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் சொந்த ஊர்க் கரிசல்காட்டில் அந்த ஊசிக்கு எங்கே போவது? உங்கள் இரண்டாவது கட்டுரையும் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். அதற்குள் அவனுக்குக் கருமாதி முடிந்திருந்தது.

நீங்கள் எழுதியது வீண் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காசநோய்க்கென்று தனி வார்டு வந்தது. நோய் கண்டவர்களைப் பேர் வெட்டுவதும் நின்றது. ஓய்வு பெறும் வரை அந்த வார்டில்தான் ஊசி போட்டேன். பிழைத்து வீடு போனவர்கள் உங்கள் பேரைச் சொல்லிக் கும்பிட்டார்கள். நானும் கூடவே தலையாட்டினேன். ஆனால் ஒவ்வொரு கையிலும் ஊசி ஏற்றும்போது, இது என் அண்ணனுக்குச் சேர வேண்டிய மருந்து என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், சார்.