நிலா வயிற்றுக்குள் ஒரு நட்சத்திரம்

என் வீட்டு அதிகாரி அம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் வயிற்று வலி தேவலையா? மாத்திரையை விழுங்குகிறாயா, துப்பிவிடுகிறாயா?

போனில் பேசினால் என் குரலை வைத்தே நான் பயந்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஸ்டூடியோவில் சுவர் அளவு படம் ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் ராத்திரி வானம் செய்கிறேன். முழுக்கக் கருப்படித்து, உப்பைக் கொட்டின மாதிரி புள்ளிகளைத் தூவ வேண்டும். பிறகு லேசாக மங்கலாக்கி வெளிச்சத்தைக் குறைத்தால் முக்கால்வாசி செத்து, கெட்டிக்காரப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். அவைதான் நட்சத்திரம். இதை முடித்தால் லீவு என்று முதலாளி சொல்லியிருந்தார். உன் ஆபரேஷனுக்கு வந்துவிடலாம் என்ற அவசரத்தில், பிறை நிலாவின் இருட்டுப் பக்கத்திலும் ஒரு நட்சத்திரத்தை வைத்துவிட்டேன். இருட்டாகத் தெரிந்தாலும் அதுவும் நிலாதானே, அங்கே நட்சத்திரம் தெரியக் கூடாது. பிரிண்டும் போட்டாகிவிட்டது.

“யோவ், நிலா வயித்துக்குள்ள நட்சத்திரம் எப்படிய்யா போச்சு? முழுகாம இருக்காளா?” என்றார் முதலாளி.

“ஆமா முதலாளி, பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போகணும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “முதல்லேர்ந்து செய். லீவு அப்புறம் பாக்கலாம்” என்றார்.

டாக்டரிடம் ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேளேன். கெஞ்சியாவது கேள். முடியாது என்றால் உன் தங்கச்சியைக் கூட்டிப் போ. போர்வை எடுத்துக்கொள், அங்கே குளிரும். உள்ளே கொண்டுபோகும்போது அவள் கையைப் பிடித்துக்கொள். அதை என் கை என்று நினைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலாளி வருகிறார். பிழைத்து வந்துவிடடி. எனக்குச் சண்டை போட வேறு ஆள் கிடையாது.