கொன்செத்தா வீட்டில் உங்கள் தட்டு

மச்சாள், இதை ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். செத்துப்போன ஒருவரிடம் இப்படிக் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனால் நீங்கள் இருக்கிற இடத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களில் யாராவது அம்மாவின் கனவில் வந்து சொல்லிவிட்டால் நான் தொலைந்தேன்.

குளியலறைக்குள் இருந்து எழுதுகிறேன். சூரிச்சுக்குப் பக்கத்தில் இந்த ஷ்லீரன் வீட்டில் ஐந்து பேர். உள்ளே பூட்டக்கூடிய கதவு இது ஒன்றுதான். மடியில் தம்பியின் கணக்குக் கொப்பி. அதன் மேல் இன்று வந்த கடிதம். உறையைப் பிரித்தபோது ஒரு காய்ந்த செடி உதிர்ந்தது. ஒரெகானோ, இத்தாலிச் சமையலில் போடுகிற வாசனை இலை. கோடையில் கொண்டுவந்து அம்மாவின் கோழிக்கறிக்குள் போட்டு ஏச்சு வாங்கினீர்களே, அதே வாசம். சவர்க்கார வாசத்தையும் மீறி நிற்கிறது. அம்மா எழும்பினால் மணந்தே பிடித்துவிடுவார்.

கடிதம் உங்களுக்கு வந்தது. உங்களுக்கு வந்த கடிதத்தை நான் உடைப்பது இது நாலாவது தரம்.

எனக்கு உங்கள் மேல் பொறாமை, மச்சாள். நீங்கள் இருந்தபோதும் இருந்தது, இப்போதும் போகவில்லை. உங்கள் படத்துக்கு அம்மா பூ வைக்கும்போதுகூட அந்தப் படத்தில் உங்கள் முகம் வெயிலில் கறுத்திருப்பதைத்தான் பார்க்கிறேன். அது இத்தாலி வெயில்.

எங்களுக்கு முன்பே சுவிஸுக்குத் தனியாக வந்து, கூர் நகரில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய், உங்கள் அகதி வழக்கையும் வென்றுவிட்டீர்கள். அகதிகள் பயணம் போகிற நீலப் புத்தகம் கிடைத்தது. எங்கள் வழக்கு இன்னும் பேர்ண் அலுவலகத்தில் கிடக்கிறது. அதுவரைக்கும் தந்திருக்கிற கடதாசியோடு எல்லையைத் தாண்டக் கூடாது. கோடை விடுமுறை முடிந்து வகுப்பில் எல்லோரும் கடலைப் பற்றிக் கதைத்தபோது நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். நீங்களோ ஒரு மாத ரயில் சீட்டும் முதுகில் ஒரு பையுமாகப் போனீர்கள். கையில் ஒரு சிறு புத்தகம். ஊர் பார்க்க வருகிறவர்களைக் காசு வாங்காமல் இரண்டு இரவு தங்கவைக்கும் வீடுகளின் முகவரிகள். வேலையிடத்துச் சிநேகிதி தந்தது.

அம்மா வாயில் கை வைத்தார். "முன்பின் தெரியாதவன் வீட்டிலை போய்ப் படுக்கிறதோ, பிள்ளை?"

"மாமி, நாங்கள் எல்லாரும் முன்பின் தெரியாதவன்ரை நாட்டிலைதானே படுத்திருக்கிறம்" என்றீர்கள். அப்பாவே சிரித்துவிட்டார்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை பையை எங்கள் நடுவில் கொட்டினீர்கள். செருப்பு வார் போட்ட கோடுகள் உங்கள் காலில் வெள்ளையாய் இருந்தன. கிரேக்கத்தில் கோழி வளர்க்கிற ஒரு மனிசியின் மொட்டைமாடியில் படுத்ததைச் சொன்னீர்கள். அவ தந்த கறுத்த ஒலிவ் பழத்தை, "நாவற்பழம் எண்டு நினைச்சு ஒரு பிடி வாயிலை போட்டன், மாமி. உப்பும் கசப்பும்! துப்பவும் ஏலாது, அவ முகத்தையே பார்த்துக்கொண்டு நிக்கிறா" என்றீர்கள். தம்பி உருண்டு உருண்டு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தக் கசப்பும் வேண்டியிருந்தது.

பிறகுதான் கொன்செத்தாவின் கதை வந்தது. இத்தாலியின் தெற்கே, பாரி நகரத்துக்கும் கீழே, ஒரு சின்ன ஊர். கொன்செத்தாவின் கணவர் சுவிஸில் பன்னிரண்டு வருடம் கட்டட வேலை செய்தவர், அதனால் ஜெர்மன் தெரியும். இரண்டு இரவு தங்கினீர்கள். மூன்றாம் நாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் வழக்கப்படி, "போயிட்டு வாறன்" என்பதை அப்படியே ஜெர்மனில் சொன்னீர்கள். அவரும் அப்படியே மனைவிக்குச் சொன்னார். கொன்செத்தா தலையாட்டினா. நீங்கள் போய்க் கிரேக்கத்துக்குக் கப்பல் ஏறிவிட்டீர்கள்.

இரவு உங்களுக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிட்டு அவர்கள் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்கள். கடைசியில் மனிசன் டோர்ச் லைட்டோடு ஸ்டேசனுக்குத் தேடிப் போயிருக்கிறார். எல்லாம் நீங்கள் கூருக்குத் திரும்பியபோது காத்திருந்த கடிதத்தில்தான் தெரிந்தது.

"பையையும் தூக்கிக்கொண்டெல்லோ போனனீர்?" என்று அம்மா கேட்டார்.

"உடுப்புத் தோய்க்கப் போறன் எண்டு நினைச்சவையாம், மாமி!"

சிரித்துச் சிரித்து உங்கள் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "இப்பவும் ஞாயிற்றுக்கிழமையிலை எனக்கு ஒரு தட்டு வைக்கிறாவாம். வாறன் எண்டவள் வருவாள் எண்டு சொல்லுறாவாம்."

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஊரில் எங்கள் வீடு இருக்கிறதோ தெரியாது. இங்கே வகுப்பில் என் பெயரையே யாரும் சரியாகச் சொல்வதில்லை. உங்களுக்கோ, இரண்டே இரண்டு நாள் பார்த்த ஒருத்தி தட்டு வைத்துக் காத்திருக்கிறாள். அது எனக்கு வேண்டும் போல இருந்தது.

நவம்பரில் கடைசியாக வந்தீர்கள். அடுத்த கோடைக்குப் போர்த்துக்கல் என்றீர்கள்.

"அப்ப நான்?"

"உனக்குக் கடதாசி வரட்டுமடி. கொன்செத்தா வீட்டை நானே கூட்டிக்கொண்டு போறன்."

நான் டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாசலில் சப்பாத்துக் கட்டியபடி "போயிட்டு வாறன்" என்றீர்கள். நான் திரும்பாமலே "போங்கோ" என்றேன்.

"என்னடி கதை இது? போயிட்டு வாங்கோ எண்டு சொல்லு!" என்று அம்மா அதட்டினார். நான் சொல்லவில்லை. படிக்கட்டில் இருந்து உங்கள் குரல் சிரித்துக்கொண்டு கேட்டது: "நீ சொல்லாட்டியும் வருவனடி!"

அதற்கு மூன்றாம் வாரம், காலை வேலை முடிந்து நீங்கள் றோட்டைக் கடக்கும்போது, உறைபனியில் ஒரு கார் வழுக்கிவிட்டது.

அந்தப் "போங்கோ"வைப் பற்றி அம்மா இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. அழும்போதும் சொல்லவில்லை. அடித்திருந்தால் இவ்வளவு பயம் இருக்காது.

உங்கள் அறையைக் காலிசெய்த பிறகு உங்கள் தபால்கள் எங்கள் முகவரிக்கு வரத் தொடங்கின. பள்ளியால் வந்து தபால்பெட்டியைத் திறப்பது நான்தான். கொன்செத்தாவின் கடிதம் வந்தது. அவ சொல்ல, கணவர் எழுதிய ஜெர்மன், என்னுடையதைப் போலவே பிழை பிழையாக. 'எப்போது வருகிறாய்? தட்டு இருக்கிறது.' நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சத்தியமாக. ஆனால் பேனை, 'நான் நலம், கால் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது' என்று எழுதியது. அடியில் உங்கள் பெயர். முகவரி மாறிவிட்டது என்றும் எழுதினேன்.

மூன்று மாதமாக நான்தான் நீங்கள். அந்த மொட்டைமாடியில் படுத்தது நான். கறுத்தப் பழத்தைக் கடித்தது நான். கொன்செத்தா காத்திருப்பது எனக்காக. அந்தக் கடிதங்களை வாசிக்கிற நேரம் மட்டும் உங்கள் மேல் பொறாமை இல்லாமல் இருந்தது.

இன்றைய கடிதத்தில், சூரிச்சில் கட்டட வேலை செய்யும் தன் மருமகனிடம் ஒரு ஒலிவ் எண்ணெய் டின் கொடுத்துவிட்டிருப்பதாக எழுதியிருக்கிறா. ஞாயிறு மத்தியானம் நேரே வீட்டுக்குக் கொண்டுவருவானாம்.

ஞாயிறு என்றால் நாளைக்கு, மச்சாள்.

கதவைத் திறக்கப்போவது அம்மா. முன்பின் தெரியாத ஒருவன் எண்ணெய் டின்னோடு நின்று, சிரித்துக்கொண்டு, உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பான். அந்த நேரம் அம்மாவின் முகம் எப்படி ஆகும்? காலையிலிருந்து கீழே வாசற்படியில் நிற்கலாம், அவனை மறித்துச் சொல்லிவிடலாம். ஆனால் என்ன சொல்வது? நீங்கள் இல்லை என்று நான் இன்னும் ஒரு மொழியிலும் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் அங்கே கொன்செத்தா தட்டை எடுத்துவிடுவா. அதை வைக்க வைத்தது உங்கள் ஒரு சொல். எடுக்க வைக்கப்போவது நான்.

உங்கள் பயணத்தை எடுத்தேன், பெயரை எடுத்தேன், உங்களுக்காகக் காத்திருந்த மனிசியையும் எடுத்தேன். ஒன்றும் என்னுடையதாகவில்லை. உங்களுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட அந்த இரண்டு சொல் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. வாயில் வைத்தபடியே திரிகிறேன். நாளைக்கு அவன் வருவதற்கு முன்

அம்மா கதவைத் தட்டுகிறார்.

"எடியே, எவ்வளவு நேரமடி? வயித்துக்குள்ளை ஏதும் செய்யுதோ? உதென்ன வாசம்? கதவைத் திற பிள்ளை."

ஒளிக்க இடமில்லை. திறக்கப்போகிறேன். மச்சாள், போயிட்டு வாங்