வாசலில் கழட்டின சப்பாத்து

கிங்ஸ்பரி,
ஞாயிறு பின்னேரம்.

என்ரை பிள்ளைக்கு,

போன கிழமை நான் ஸ்பெயினுக்கு, உன்ரை செவில் நகரத்துக்கு வந்தனான். நீ உல்லாசப் பயணிகளுக்கு பிளமெங்கோ ஆடுற அந்த மண்டபத்துக்குள்ளை மழைக்கு ஒதுங்கத்தான் ஏறினனான். ரிக்கெற்றை மூண்டு கிழமைக்கு முன்னமே எடுத்திட்டார் எண்டு அம்மா சொல்லுவா, நம்பாதை.

வாசலிலை என்னை அறியாமலே சப்பாத்தைக் கழட்டிப் போட்டன். ரிக்கெற் பாக்கிற பெட்டை சிரிச்சாள். ஆடுற இடத்துக்கு வேறை எப்பிடிப் போறது? கடைசி வரிசையிலை சொக்ஸோடை இருந்தன்.

சப்பாத்தோடை ஆடுறவள் இந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது எண்டு நாலு வருசத்துக்கு முன்னம் கத்தினவனும் நான்தான்.

நீ, பலகை அதிர உதைச்சு ஆடுறதுக்கெண்டு ஆணி அடிச்ச சப்பாத்தோடைதான் மேடைக்கு வந்தாய். ஆட முதல் குனிஞ்சு, பலகையைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தினாய். ஆறு வயசிலை பரதம் பழகேக்கை செய்த அதே மாதிரி. பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரி அதையும் ஆட்டம் எண்டு நினைச்சுக் கை தட்டினாள்.

பிறகு ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. அங்கத்தை லைற் சரியில்லை.

உன்ரை அறையிலை கார்ப்பெற்றைக் கிழிச்செடுத்திட்டு, ஓக் பலகை போட்டிருக்கிறன். முப்பது வருசமா ஊரார் வீட்டுக்கெல்லாம் பலகை போட்டவன், இதுக்குத்தான் ரெண்டு தரம் அளந்தனான். எவ்வளவு உதைச்சாலும் தாங்கும்.

வரேக்கை வாசலிலை சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு நிக்காதை. அப்பிடியே உள்ளை வா.

உன்ரை அப்பா