கதவருகே நின்ற காட்டுமாடு

கிறிஸ்துவுக்குள் பிரியமான அம்மாவுக்கு,

மகள் கிருபாவதி பணிந்து எழுதுவது. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். செண்பகனூரில் நான் சமையல் செய்யும் வீட்டில் யாவரும் நலம், நானும் நலமே.

ஒரு சிறு வேடிக்கை. நேற்றுக் காலை, தாங்கள் பழக்கியபடி, "ஆண்டவரே, உமது சித்தம் ஆகட்டும்" என்று சொல்லி, பால் வாங்கத் தூக்குவாளியுடன் கதவைத் திறந்தேன். பனிமூட்டத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு காட்டுமாடு நின்றது.

"அக்கா, ஓடிராதீங்க! அசையாம நில்லுங்க, அது தன்னால போயிரும்!" என்று சாலையிலிருந்து பால்காரர் செந்தில்வேல் குரல் கொடுத்தார்.

நின்றேன். அதன் மூச்சின் வெப்பம் முகத்தில் பட்டது. "உமது சித்தம் வேண்டாம், என்னைக் காப்பாற்றும்" என்றே உள்ளம் கதறியது. மாடு திரும்பிச் சென்றது.

"நல்லாத்தான் நின்னீங்க. கையில தூக்குவாளிதான் தந்தியடிச்சிச்சு" என்றார் செந்தில்வேல். நானும் சிரித்தேன்.

இன்று அந்தச் சொற்கள் நாவில் எழவில்லை, அம்மா. மாட்டைவிட அவற்றுக்கே அதிகம் அஞ்சுகிறேன். ஆண்டவர் அவற்றை மெய்யென்று எடுத்துக்கொண்டால்?

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். காலையில் தாங்கள் ஜெபிக்கையில் அந்த வரியை என் பெயராலும் சொல்லுங்கள்.

பால்காரரின் மணி கேட்கிறது. கதவை நான்தான் திறக்க வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
கிருபாவதி